குருநகரும் லீக் ஆட்ட முறையும்

யாழ்ப்பாண நகரின் தென்கரையிலே பரவைக் கடலை நோக்கி அமைந்தது குருநகர். பழைய வழக்கில் இது கரையூர் எனப்படும். மீன்பிடித் தொழிலும், புனித யாகப்பர் ஆலயமும், உதைபந்தாட்டமும் இவ்வூரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவன. முதலிரண்டும் வரலாற்று நூலாரின் கவனத்தைப் பெறுவதுண்டு. மூன்றாவதைப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்திற்கு விட்டுவிடுதல் வழக்கமாயிற்று. அப்பக்கமோ வென்றவர் பெயரையும் கோல்களின் எண்ணிக்கையையும் கூறி அமைந்துவிடும். அப்போட்டி எவ்வாறு ஏற்பட்டது, யார் யாரை ஆட அழைத்தனர், ஏன் அந்த நாளில் நடந்தது என்பனவற்றை அது கூறுவதில்லை. ஊர்மக்கள் தம்முள் கூடி வாழும் முறையை ஆராய்வோர்க்கு, வெற்றி தோல்வியினும் இவ்வினாக்களே பெரிதும் பயன்படுவன.

ஊர்க் கழகங்கள் பல ஒன்றோடொன்று ஆடுதற்கு இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, தோற்றவர் விலக வென்றவர் மேற்செல்லும் முறை. இதனை யாழ்ப்பாணத்தார் ‘விலகல் முறை’ என்பர். மற்றையது, ஒவ்வொரு கழகமும் ஏனைய கழகங்கள் எல்லாவற்றோடும் ஆடிப் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் லீக் முறை. எட்டுக் கழகங்கள் சேர்ந்தால் விலகல் முறையில் 7 ஆட்டங்களோடு கிண்ணம் கைக்கு வந்துவிடும். லீக் முறையிலோ 28 ஆட்டங்கள் வேண்டும்; ஊருக்கு ஒருமுறை, எதிரூருக்கு ஒருமுறை என ஆடின் 56 ஆகும். ஏழு ஆட்டங்களை ஒரு திருவிழாவை ஒட்டிய இரண்டு வாரங்களில் நடத்தி முடிக்கலாம். ஐம்பத்தாறு ஆட்டங்களுக்கு மாதக்கணக்கில் மைதானமும், நடுவரும், அமைதியான மாலைப்பொழுதும் வேண்டும். யாழ்ப்பாணத்து ஊர்கள் நெடுங்காலமாக விலகல் முறையையே பெரிதும் விரும்பி வந்தமைக்குக் காரணம் இந்தக் கணக்கினுள் அடங்கியுள்ளது. ஆட்டக்காரரின் பொறுமையின்மையைக் காரணமாகக் காட்டுவது பொருந்தாது.

லீக் என்னும் ஏற்பாடு தோன்றிய வரலாறும் இதனோடு இயைபுடையது. 1888ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்துக் கழகங்கள் கடிதம் எழுதி ஆட்டம் பேசிக்கொண்டன. பேசிய நாளில் கிண்ணப்போட்டி ஒன்று குறுக்கிட்டால் பேசியதைக் கைவிட்டன. காசு கொடுத்துப் பார்க்க வந்த மக்கள் வெறும் மைதானத்தைக் கண்டு திரும்பினர். பர்மிங்காம் நகரிலே துணிக்கடை வைத்திருந்தவரும் அஸ்ரன் வில்லாக் கழகத்தின் நிர்வாகியுமான வில்லியம் மக்கிரகர், அவ்வாண்டு மார்ச் 2ஆம் நாள் சில கழகங்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார். முன்கூட்டியே நாள் குறித்து, குறித்தபடி ஆடக்கூடிய கழகங்கள் ஒன்றுசேரல் வேண்டும் என்பதே அதன் சாரம். செப்டெம்பர் 8ஆம் நாள் 12 கழகங்களோடு லீக் தொடங்கியது. கழகத்துக்கு 22 ஆட்டங்களாக மொத்தம் 132 ஆட்டங்கள் நடந்தன. பிறெஸ்ரன் கழகம் ஓர் ஆட்டத்திலும் தோலாது முதலிடம் பெற்றது. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி என்னும் கணக்கு அப்பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே முடிவுசெய்யப்பட்டது. ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு விதியைப் பின்னர் வகுத்தனர் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். மக்கிரகருக்கு வேண்டியிருந்தது புள்ளிக் கணக்கன்று. நாட்குறிப்பே என்பதற்கு இதுவே சான்றாகும்.

யாழ்ப்பாணத்தில் நாட்குறிப்போடு கூடிய ஆட்டம் முதலிற் பள்ளிக்கூடங்களுக்கு உரியதாயிற்று. யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் கிரிக்கெற் ஆட்டத்தில் 1904ஆம் ஆண்டு தொடக்கம் மோதி வருகின்றன. புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான ஆட்டம் 1917இல் தொடங்கியது. குருநகருக்கு அண்மையில் உள்ளது பத்திரிசியார் கல்லூரி. அங்கு உதைபந்தாட்டம் செழித்தமை அயலிலுள்ள கரையோர ஊர்களுக்கும் ஊக்கம் தந்திருத்தல் இயல்பே. ஆயின் பள்ளிக்கூடத்து ஆட்டம் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும். பதினாறு வயதிலே கடலுக்குச் சென்றவனுக்கு மைதானமும் இல்லை, குறித்த நாளும் இல்லை. ஊர்க் கழகங்கள் தோன்றியது இந்த வெற்றிடத்தை நிரப்புதற்காகவே எனலாம். குருநகர் பாடுமீன், நாவாந்துறை சென். மேரிஸ், பாஷையூர் சென். அன்ரனிஸ் முதலிய கழகங்களின் பெயர்கள் இன்று குடாநாடு எங்கும் அறியப்பட்டவை. நாடளாவிய நிலையில் இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் அமைந்தது. குடாநாட்டிலோ யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை, மருதங்கேணி எனப் பகுதிவாரியாக லீக்குகள் ஏற்பட்டு, ஊர்க் கழகங்களுக்குப் பதிவும் ஒழுங்கும் தந்தன.

நிலத்தின் நெருக்கடியையும் ஈண்டு கருதல் வேண்டும். உதைபந்தாட்ட விதிப்படி மிகச் சிறிய மைதானமாயினும் 90 மீற்றர் நீளமும் 45 மீற்றர் அகலமும் வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கிற் சொல்வதாயின், இது ஏறத்தாழ 16 பரப்பு, அதாவது முழுமையாக ஓர் ஏக்கர். வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் கரையோர ஊரில் 16 பரப்பு வெறுநிலம் கிடைப்பது எளிதன்று. கரப்பந்தாட்டத் தளம் 18 மீற்றருக்கு 9 மீற்றர். ஒரு பரப்புக்குள் அடங்கிவிடும். ஓர் உதைபந்தாட்ட மைதானத்தில் 25 கரப்பந்தாட்டத் தளங்களை நெருக்கி அமைக்கலாம். குடாநாட்டில் கரப்பந்தாட்டம் ஊருக்கு ஊர் வேரூன்றியமைக்கு இந்த நிலக்கணக்கும் ஒரு காரணம். வலை என்னும் பொருளும் குருநகருக்குப் புதியதன்று; வட கடல் நிறுவனத்தின் வலைத் தொழிற்சாலை அமைந்ததும் இவ்வூரிலேதான்.

கரப்பந்தாட்டம் 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரிலே வில்லியம் மோகன் என்பவரால், கூடைப்பந்தாட்டத்தின் வேகத்தைத் தாங்கமாட்டாத நடுவயதினருக்காக ஆக்கப்பட்டது. இலங்கைக்கு அதனை 1916இல் கொணர்ந்தவர் கொழும்பு வை. எம். சி. ஏ.யின் உடற்பயிற்சி இயக்குநர் வோல்ரர் கமக். பந்தை உயர்த்திக் கொடுத்தலும் அதனை ஓங்கி அடித்தலும் பிலிப்பைன்ஸ் தீவுகளில் உருவானவை. அதுவும் அக்காலத்தை ஒட்டியே. யாழ்ப்பாணத்தில் இவ்விரு நிலைகளும் இன்றும் தனித்தனியே வழங்குகின்றன. எடுத்துக்கொடுத்து அடிக்கும் ஆட்டம் ‘செற்றப்’ எனவும், வந்த பந்தை நேரே வலைக்கு அப்பால் அனுப்பும் ஆட்டம் ‘ஓவர்கேம்’ எனவும் பெயர் பெறும். பின்னதனைத் திருத்தமுறாத ஆட்டமென இகழ்வாரும் உளர். அது மோகன் ஆக்கிய முதலாட்டத்திற்கு நெருங்கிய வடிவம் என்பதை அவர் கருதினாரல்லர். 1991இல் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டபோது கருதப்பட்டது செற்றப் ஆட்டமே. ஊர் மாலைகளில் ஓவர்கேம் அதனால் ஒழிந்துவிடவில்லை.

நிலத்துக்கும் காலநிலைக்கும் ஏற்ப ஆட்டத்தை வளைத்துக்கொள்ளுதல் யாழ்ப்பாணத்தார்க்கு மட்டும் உரியதன்று. நியூயோர்க் நகரை அடுத்த ஸ்காஸ்டேல் என்னும் ஊரிலே 1928இல் பெசென்டன் பிளன்சாட், ஜேம்ஸ் கொக்ஸ்வெல் என்னும் அயலவர் இருவர், மாரிக்காலத்தில் வெளியே ஆடுதற்கு ஒரு விளையாட்டை நாடினர். பனி படிந்த மண்ணில் ரெனிஸ் ஆட இயலாமையால் நிலத்துக்கு மேலே மரப்பலகைத் தளம் ஒன்றை அமைத்தனர். பந்து வெளியே ஓடாதவாறு சுற்றிவரக் கம்பிவலை கட்டினர். பின்னர், கம்பியிற் பட்டு மீளும் பந்தையும் அடிக்கலாம் என விதி செய்தனர். தடையாக வந்த வேலியே ஆட்டத்தின் உறுப்பாகிவிட்டது. பிளாட்போம் ரெனிஸ் எனப்படும் இவ்வாட்டத்தின் தளம், வேலியோடு சேர்த்து 60 அடிக்கு 30 அடி. இதுவும் ஒரு பரப்புக்குட்பட்டதே. 1931இல் அவ்வூர் ரெனிஸ் கழகம் இதனை ஏற்றது. 1934இல் சங்கம் அமைந்தது. 1935இல் முதலாவது வல்லவர் போட்டி நடந்தது. இரு அயலவரின் பொழுதுபோக்கு ஏழாண்டுகளில் ஒழுங்குபட்ட போட்டியாயிற்று. அங்கே நிலமும் பணமும் அமைதியும் இருந்தன என்பதையும் சேர்த்தே இந்த வேகத்தை மதிப்பிடல் வேண்டும்.

நிற்க. குருநகரில் ஆட்ட நாட்களைக் குறிப்போர் முதலில் வானத்தையும் கடலையும் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்திற் சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே மறையும். நாலரை மணிக்குத் தொடங்கும் முழுநேர ஆட்டம் இடைவேளையோடு இருட்டுக்குள் சென்று முடியும். ஆகவே ஊராட்டங்களில் நேரத்தைக் குறைத்தலும், அணிக்கு ஒன்பது பேர், அணிக்கு ஏழு பேர் எனத் தொகையைக் குறைத்தலும் வழக்கமாயின. ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் குளமாகும். சோளகம் பலத்து வீசும் மாதங்களில் உயர்ந்த பந்து தன் வழியை விட்டு விலகிச் செல்லும். கரையோர ஆட்டக்காரர் பந்தைத் தாழ்த்தி ஆடப் பழகுதல் இதனால் நன்மை பயப்பதே. இரவிலே தொழிலுக்குப் போய் விடியலிற் கரைசேருவோருக்கு மாலை ஆட்டம் இயலும்; பிற்பகலிலே வள்ளம் தள்ளுவோருக்கு இயலாது. ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குரிய நாள். ஆட்டத்துக்கும் வாய்ப்பான நாள். ஆடி மாதத்தில், யூலை 25ஆம் நாளை ஒட்டி, யாகப்பர் திருவிழா வரும்.

இவ்வாறு அமைந்த ஊர் நாட்காட்டியை அரசாங்கமே ஒருமுறை குலைத்தது. 1966ஆம் ஆண்டு இலங்கையில் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, பிறையைப் பின்பற்றிய போயா தினங்கள் வார விடுமுறைகளாக்கப்பட்டன. பௌத்தர்க்கு மதிப்பளிக்கும் நோக்குடைய இவ்வேற்பாட்டால், விடுமுறை ஒரு வாரத்திற் செவ்வாயும் மற்றொரு வாரத்திற் புதனுமாக நகர்ந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் வேலை செய்யும் ஆட்டக்காரனும் கடலுக்குச் செல்லும் ஆட்டக்காரனும் ஒரே நாளில் ஓய்வு பெறுதல் அரிதாயிற்று. கத்தோலிக்க ஊர்களிலோ வழிபாட்டு நாள் வேலைநாளாகிவிட்டது. 1971இல் ஞாயிறு மீண்டது. வணிகரும் வங்கியாளரும் அடைந்த இடர்ப்பாடே அதன் மீட்சிக்குக் காரணமாகக் கூறப்படுவதுண்டு. விளையாட்டுக் கழகங்களின் இடர்ப்பாட்டைக் கணக்கில் எடுத்தோர் இலர் போலும்.

லீக் முறையின் சிறப்பு இந்நாட்காட்டியோடு அமைவதன்று. யாழ்ப்பாணத்துச் சமுதாயம் சாதியாலும் சமயத்தாலும் ஊராலும் பலவாறு பிரிந்து நின்றது. தொழிலும் திருமணமும் வாழிடமும் அப்பிரிவுகளின் வழியே சென்றன. கழகங்களின் பெயர்களை நோக்கினாலே இது புலனாகும். கரையோரத்தில் அந்தோனியாரும் மரியன்னையும் கழகப் பெயர்களில் விளங்க, உள்ளூர்களில் ஞானமுருகன் போன்ற பெயர்கள் விளங்குகின்றன. கிண்ணப்போட்டியை நடத்தும் கழகம் தான் விரும்பியவரை அழைக்கலாம். விரும்பாதாரை அழையாது விடலாம். அழைப்பு என்பது ஒரு சலுகை. விருந்துக்கு அழைப்பதைப் போன்றது. யாழ்ப்பாணத்தில் யார் வீட்டில் யார் உண்பர் என்பது எத்துணைப் பெரிய வினாவாக இருந்தது என்பதை அறிந்தோர்க்கு இவ்வுவமையின் பொருள் விளங்கும்.

லீக்கில் இச்சலுகைக்கு இடமில்லை. பதிவுபெற்ற கழகம் ஒவ்வொன்றும் அட்டவணையில் ஒரு வரியைப் பெறும். அவ்வரியில் உள்ள கழகத்தோடு ஏனைய எல்லாக் கழகங்களும் ஆடியே தீர வேண்டும். மறுத்தால் புள்ளி எதிரணிக்குப் போய்விடும். கரையூரான் உள்ளூரான் மைதானத்துக்கு வருதலும், உள்ளூரான் கரைக்குச் செல்லுதலும் ஒருவர் மற்றவருக்குச் செய்யும் தயவாக அன்றி முறையாகவே அமைந்தன. ஒரே செயற்குழுவில் அமர்ந்து, ஆட்டக்காரன் ஒருவன் இரண்டு கழகங்களுக்குப் பெயர் கொடுத்தானா என்பதையும், நடுவரின் தீர்ப்புக்கு எதிரான ஆட்சேபம் ஏற்கத்தக்கதா என்பதையும் இவர்கள் வாதிட்டுத் தீர்த்தல் வேண்டும். இதனாற் சாதி ஒழிந்தது என்று கூறுவது மிகையாகும். கைகலப்பில் முடிந்த ஆட்டங்களும் குறைவல்ல. ஆயினும் கோவிற் கதவுகளும் தேநீர்க்கடைப் பேணிகளும் பூசலுக்குரியனவாக இருந்த ஒரு நாட்டிலே, மறுக்கவியலாத சந்திப்பு ஒன்றை ஏற்படுத்திய அமைப்புகள் மிகச் சிலவே. அவற்றுள் லீக் ஒன்று. லீக்கை நடத்துதல் வெறும் பொழுதுபோக்குக் காரியமன்று என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

போர் வந்தபோது முதலிற் பறிபோனதும் இந்தச் சந்திப்பே. 1980களில் குருநகரிலேயே இராணுவ முகாம் இருந்தது. 1986ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், மண்டைதீவுக் கடலிலே தொழில் செய்துகொண்டிருந்த மீனவர் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் குருநகரைச் சேர்ந்தோர். ஒரே நாளிற் கரையோர ஊர் ஒன்று இத்தனை ஆண்மக்களை இழந்தால், அவ்வூரின் தொழிலும் குடும்பமும் என்னாகும் என்பதை விரித்துரைத்தல் வேண்டா. 1990ஆம் ஆண்டு ஜூன் முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையில் இருந்தது. கோட்டைக்கு அயலே முற்றவெளியை ஒட்டி அமைந்த துரையப்பா விளையாட்டரங்கும் போர்க்களத்தின் எல்லைக்குள் அகப்பட்டது. யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்து 1975ஆம் ஆண்டு யூலை 27ஆம் நாள் கொலையுண்ட அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது அவ்வரங்கு. 1993ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் யாகப்பர் ஆலயத்தின்மீது விமானக்குண்டு விழுந்து உயிர்கள் பறிபோயின. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் நகரம் முழுவதும் வெறுமையாயிற்று. ஆடுவோரும் பார்ப்போரும் நடுவரும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சிதறினர்.

இக்காலத்தில் விளையாட்டு அடியோடு நின்றுவிடவில்லை. பந்தும் நாலு கல்லும் கிடைத்த இடத்தில் இளைஞர் ஆடினர். நின்றது லீக். இரண்டும் ஒன்றல்ல என்பதைப் போர்க்கால வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. நாலு பேர் இன்று மாலை கூடி ஆடுதற்கு இன்று மாலை மட்டும் போதும். லீக்கோ மூன்று மாதத்தின் பின்னர் வரும் ஒரு சனிக்கிழமையை இன்றே நம்பிக் குறித்துவைப்பது. ஊரடங்கும், கடற்றடையும், தொழிலுக்குப் போக அனுமதிச் சீட்டும் நிலவிய காலத்தில் அடுத்த சனிக்கிழமையையே எவரும் உறுதியாகக் கூறவியலாதிருந்தது. ஒரு கழகம் மற்றக் கழகத்தின் ஊருக்குச் செல்லும் வழியிலே சோதனைச் சாவடிகள் இருந்தன. 1996இல் மக்கள் மீண்டனர். மூன்றாண்டின் பின், 1999இல், துரையப்பா அரங்கைத் திருத்தும் வேலையின்போது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புகள் வெளிப்பட்டன. இருபதுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அவை. குடாநாட்டின் முதன்மையான விளையாட்டு மைதானத்துக்கு நேர்ந்த கதி இது.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கையெழுத்தான போர்நிறுத்தம் மூச்சுவிட இடம் தந்தது. 2006 ஓகஸ்ற் மாதத்தில் ஏ9 வீதி மூடப்பட்டபோது அதுவும் போயிற்று. 2009 மே மாதத்திற்குப் பின்னரே மாதக்கணக்கில் நாள் குறிக்கும் துணிவு மெல்ல மீண்டது. இந்திய அரசின் உதவியோடு புதுக்கப்பட்ட துரையப்பா அரங்கு 2016ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. விலகல் முறைப் போட்டிகள் விரைவிலே பெருகின. வெளிநாடுகளில் வாழும் ஊரவர் அனுப்பும் பணத்தால் கிண்ணங்களும் பரிசுத் தொகைகளும் பெருகின. நன்கொடையாளருக்கு ஒரு நாளில் ஒரு கிண்ணத்தைக் கையளித்தல் எளிது. இருபத்தெட்டு ஆட்டங்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போடவும், நடுவருக்குப் படி கொடுக்கவும், புள்ளி அட்டவணையைப் பேணவும் எவரும் தம் தந்தையின் பெயரால் நன்கொடை தருவதரிது. லீக்கின் செயலாளர்கள் எக்காலத்தும் எதிர்ப்படும் வறுமை இதுவே.

மின்னொளியில் நடக்கும் போட்டிகள் இப்போது பெருவழக்காகிவிட்டன. சூரியன் மறைவதற்குள் ஆடி முடிக்கவேண்டிய பழைய தொல்லை அவற்றால் நீங்கியது. அலுவலகத்தாரும் மாணவரும் பெருந்திரளாக வந்து பார்க்கின்றனர். ஆனால் விளக்குகள் ஏற்றப்படும் வேளையே குருநகர் வள்ளங்கள் பலவும் கரையை விட்டுப் புறப்படும் வேளை. அன்றைய ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தவன் அன்றைய தொழிலை இழப்பான். ஆகவே கரையோரக் கழகங்கள் இன்றும் மாலை நாலரை மணி ஆட்டத்தையே கேட்டு நிற்கின்றன.